நொதியின் வேகத்துக்கு ஒரு சமன்பாடு

ஒரு பிடி சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் அது இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாவுப்பொருளைச் சிறு சிறு சர்க்கரைகளாக உடைத்துவிடுவதே இதற்குக் காரணம். இதே வேலையை ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கொண்டு செய்ய வேண்டுமானால், கஞ்சியைக் கொதிக்க வைத்தாக வேண்டும். வாயில் கொதிப்பும் இல்லை, கடும் அமிலமும் இல்லை. உடலின் வெதுவெதுப்பிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

நொதிகள் பெரும்பாலும் புரதங்கள் என்பதையும், அவை தாம் செலவழியாமல் வேதி வினைகளை விரைவுபடுத்துகின்றன என்பதையும் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் எவ்வளவு விரைவு? சர்க்கரையை இரு மடங்காக்கினால் நொதியின் வேகமும் இரு மடங்காகுமா? இதைச் சோதிக்காமலே கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை காண 1890-க்கும் 1913-க்கும் இடையே இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் பலர் உழைத்தனர். கிடைத்த விடை ஒரே ஒரு வரிதான். அந்த வரியை நாமே வருவித்துப் பார்க்கலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், நுண்கணிதம் வேண்டியதில்லை.

கூட்டினாலும் கூடாத வேகம்

கரும்புச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், நீரில் அமிலத்துடன் இருந்தால் மெல்ல உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. இந்த வினையின் வேகத்தை 1850-இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி அளந்தார். சர்க்கரையின் செறிவு எவ்வளவோ அதற்கு நேர் விகிதத்தில் வேகமும் இருந்தது. செறிவு இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு. இது எதிர்பார்க்கத்தக்கதே.

ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதியும் இதே வினையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் போக்கு வேறு. இங்கிலாந்தின் ஏட்ரியன் பிரவுன் இதை ஆராய்ந்து 1902-இல் வெளியிட்டார். சர்க்கரை மிகக் குறைவாக இருக்கும்போது மட்டுமே வேகம் செறிவைப் பின்பற்றியது. சர்க்கரை மிகுந்தபின் மேலும் எவ்வளவு கொட்டினாலும் வேகம் அசையவில்லை. பிரவுன் கூறிய விளக்கம் எளிமையானது. நொதி முதலில் சர்க்கரையுடன் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. அக்கூட்டுப்பொருள் ஒரு சிறிது நேரம் நிலைத்திருந்த பின்னரே சர்க்கரை உடைகிறது. அந்தச் சிறிது நேரம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் 100 இலை போட இடமிருக்கிறது. ஒருவர் எழுந்தவுடன் அடுத்தவர் அமர்கிறார். சாப்பிட்டு எழ ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆள் கூட்டம் குறைவாக இருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் உடனே அமர்வார்கள். வருகை இரு மடங்கானால் சாப்பிட்டு எழுவோர் தொகையும் இரு மடங்காகும். கூட்டம் நெருக்கியடிக்கும்போது? வாசலில் ஐநூறு பேர் நின்றாலும் ஐயாயிரம் பேர் நின்றாலும் மணிக்கு 200 பேருக்கு மேல் சாப்பிட்டு எழ முடியாது. இலைதான் நொதி, விருந்தினர்தாம் சர்க்கரை மூலக்கூறுகள்.

(இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நொதியியலின் தொடக்க காலம் முழுவதிலும் பீர் வாடை வீசுகிறது. இன்வர்ட்டேஸ் சர்க்கரையுடன் இருக்கும்போது அதிக வெப்பத்தைத் தாங்குகிறது என்று 1890-இல் கண்ட ஓ'சல்லிவன் பர்ட்டன் நகரின் மதுவடிப்பாலையில் வேதியியலார். பிரவுனும் மதுவடிப்பாலையிலிருந்து வந்தவரே. அமிலத்தன்மைக்குப் பி.எச். என்னும் அளவுகோலை 1909-இல் தந்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். நொதியைப் புரிந்துகொள்வதில் அன்று யாருக்குப் பணம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.)

பெர்லின் மருத்துவமனையில்

பிரவுனின் கருத்தைச் சமன்பாடாக எழுதியவர் பாரிசில் ஆய்வு செய்த விக்டர் ஹென்றி. அவர் 1902, 1903 ஆண்டுகளில் எழுதிய சமன்பாடு, வடிவத்தில் இன்று நாம் பயன்படுத்துவதேதான். ஆயினும் அவருடைய அளவீடுகளில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கரைசலின் அமிலத்தன்மையை அவர் கட்டுப்படுத்தவில்லை, பி.எச். அளவுகோலே அப்போது பிறக்கவில்லை. மற்றொன்று சற்று நுட்பமானது.

சுக்ரோஸ் கரைசலின் ஊடே தளமுனைவுற்ற ஒளியைச் செலுத்தினால், அவ்வொளியின் தளம் வலப்புறமாகத் திரும்புகிறது. சுக்ரோஸ் உடைந்து வரும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் கலவையோ தளத்தை இடப்புறம் திருப்புகிறது. ஆகவே போலாரிமீட்டர் என்னும் கருவியில் கோணம் மாறுவதைப் பார்த்தே எவ்வளவு சர்க்கரை உடைந்தது எனச் சொல்லிவிடலாம். இப்படித் திசை தலைகீழாவதால்தான், தலைகீழாக்கல் என்னும் பொருள்பட, இன்வர்ட்டேஸ் என்ற பெயரும் வந்தது. ஆனால் புதிதாகப் பிறந்த குளுக்கோஸ் உடனே தன் இறுதிக் கோணத்தைக் காட்டுவதில்லை. அதன் மூலக்கூறு ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மெல்ல மாறிச் சமநிலை எய்துகிறது. அதுவரை கோணம் தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். கருவியை அப்படியே நம்பினால், நொதியின் வேகத்தோடு இந்த நகர்வும் கலந்துவிடும்.

இந்த ஓட்டைகளை அடைத்தவர்கள் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும். மைக்கேலிஸ் (1875-1949) பெர்லின்காரர். பல்கலைக்கழகத்தில் தக்க பதவி கிடைக்காமல், 'அம் உர்பான்' நகராட்சி மருத்துவமனையில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். மென்டன் (1879-1960) கனடா நாட்டுப் பெண்மணி. டொரான்டோவில் 1911-இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றபின், 1912-இல் கடல் கடந்து பெர்லினுக்கு வந்தார்.

அவர்கள் செய்தது இதுதான். அசிட்டேட் தாங்கல் கரைசலைச் சேர்த்து அமிலத்தன்மையை மாறாமல் வைத்தனர். வெப்பத்தை 25 பாகை செல்சியசில் நிறுத்தினர். குறித்த நேரங்களில் கரைசலில் ஒரு பகுதியை எடுத்துக் காரத்தில் விட்டனர். காரம் பட்டவுடன் நொதி செயலிழந்தது; குளுக்கோசின் வடிவ மாற்றமும் விரைந்து முடிந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! அதன் பிறகே கோணத்தை அளந்தனர். மேலும், விளைபொருள்கள் சேரச் சேர அவையும் நொதியைப் பற்றிக்கொண்டு வேகத்தைக் குறைக்கின்றன. ஆகவே அவை சேருமுன், வினை தொடங்கிய உடனே இருக்கும் தொடக்க வேகத்தைக் கொண்டு கணக்கிடுவதை முதன்மையாக்கினர். இன்றும் உலகெங்கும் நொதி ஆய்வாளர் முதலில் அளப்பது இந்தத் தொடக்க வேகத்தைத்தான்.

சமன்பாட்டை வருவிப்போம்

நொதியின் மொத்த அளவை 1 எனக் கொள்வோம். ஒரு நேரத்தில் அதில் சர்க்கரையுடன் சேர்ந்திருக்கும் பங்கு 'ப' என்க. அப்படியானால் சும்மா இருக்கும் பங்கு 1 − ப. சர்க்கரையின் செறிவு 'செ'.

சும்மா இருக்கும் நொதியும் சர்க்கரையும் மோதினால்தான் சேர முடியும். ஆகவே சேரும் வேகம் (1 − ப) × செ என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். சேர்ந்தவை பிரியும் வேகம் 'ப' என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். சமநிலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகும். விகித எண்கள் இரண்டையும் சேர்த்து 'மா' என்ற ஒரே மாறிலியாக எழுதினால்,

(1 − ப) × செ = மா × ப

இதைச் சுருக்கினால்,

ப = செ ÷ (மா + செ)

நொதி முழுவதும் சர்க்கரையுடன் சேர்ந்திருந்தால் கிடைக்கும் உச்ச வேகம் 'உ' என்க. பங்கு மட்டும் சேர்ந்திருந்தால் வேகமும் அந்தப் பங்கே. ஆக,

வேகம் = உ × செ ÷ (மா + செ)

1913-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த கட்டுரையின் சாரம் இவ்வளவே. 'மா' என்பதே மைக்கேலிஸ் மாறிலி. அதன் பொருள் என்ன? செறிவு சரியாக 'மா' அளவுக்கு இருக்குமாறு வைத்துப் பாருங்கள். வேகம் = உ × மா ÷ (2 × மா); அதாவது உச்ச வேகத்தில் பாதி. எந்தச் செறிவில் நொதி பாதி வேகத்தில் ஓடுகிறதோ, அதுவே அதன் மைக்கேலிஸ் மாறிலி. பந்தியில் பாதி இலைகள் நிறைந்திருக்கும் அளவு கூட்டம் என்றும் சொல்லலாம். மாறிலி சிறிதாக இருந்தால், கொஞ்சம் சர்க்கரை இருந்தாலே நொதி அதைப் பிடித்துக்கொள்ளும் என்று பொருள்.

இன்வர்ட்டேசுக்கு அவர்கள் கண்ட மதிப்பு லிட்டருக்கு 0.0167 மோல். சுக்ரோசின் ஒரு மோல் 342 கிராம் ஆதலால், இது லிட்டருக்குச் சுமார் 5.7 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. இப்போது நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 5.7 கிராமில் பாதி வேகம். அதைப் போல் 3 மடங்கு போட்டால் முக்கால் வேகம். 9 மடங்கு, அதாவது 51 கிராம் போட்டால் 90 விழுக்காடு. 99 விழுக்காடு வேண்டுமானால் 99 மடங்கு, அரைக் கிலோவுக்கும் மேல்! (இது தாளில் போடும் கணக்கு. அவ்வளவு கெட்டியான பாகில் இன்வர்ட்டேஸ் உண்மையில் மந்தமாகிவிடுகிறது.) கடைசி ஒன்பது விழுக்காட்டைப் பெற எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வளைகோடு கூரையை நெருங்குமே தவிர, தொடுவதில்லை.

மென்டனைப் பற்றி ஒரு சொல். அவர் பின்னர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நோயியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். ஓவியம் தீட்டுவார், கிளாரினெட் வாசிப்பார். முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வு பெறச் சற்று முன்னர்தான். உலகின் ஒவ்வொரு உயிர்வேதியியல் பாடநூலிலும் பெயர் அச்சாகியிருக்கும் ஒருவருக்கு இது மிகத் தாமதமே. ஹென்றியின் பெயரோ சமன்பாட்டிலிருந்தே பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. மைக்கேலிஸும் மென்டனும் அவரைத் தம் கட்டுரையில் மறைக்கவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை.

தொட்டியும் குழாயும்

மேலே நாம் செய்த வருவித்தலில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. சேர்ந்த சர்க்கரை உடையாமல் அப்படியே பிரிந்துபோவதை மட்டுமே கணக்கில் எடுத்தோம். அது உடைந்து போவதையும் சேர்க்க வேண்டாமா? உடைதல் மிக மெதுவாக நடந்தால் விட்டுவிடலாம். எல்லா நொதிகளும் அப்படி இல்லையே!

1925-இல் கேம்பிரிட்ஜில் பிரிக்ஸ், ஹால்டேன் ஆகிய இருவரும் இதைச் சீர்செய்தனர். தண்ணீர்த் தொட்டி ஒன்றில் மேலே ஒரு குழாய் திறந்திருக்கிறது. கீழே இரண்டு துளைகள். சற்று நேரத்தில் நீர் மட்டம் ஓர் உயரத்தில் நின்றுவிடும். உள்ளே வருவதும் இரு துளைகளில் வெளியேறுவதும் சமமாகிவிட்டன என்பதே காரணம். நொதிக் கூட்டுப்பொருளின் அளவும் இப்படித்தான் ஒரு மட்டத்தில் நிற்கிறது என்று அவர்கள் கொண்டனர். கிடைத்த சமன்பாட்டின் வடிவம் மாறவில்லை. 'மா' என்பதன் உட்பொருள்தான் மாறியது: அது இப்போது பிரியும் வேகம், உடையும் வேகம் இரண்டையும் உள்ளடக்கியது. ஆகவே மாறிலி சிறியது என்றால் பிணைப்பு வலியது என்று எப்போதும் கூறிவிட முடியாது. பாடநூல்களில் இந்தத் தவறு இன்னும் காணப்படுகிறது. இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

வளைகோட்டிலிருந்து 'உ', 'மா' இரண்டையும் படித்தறிவது கடினம். கூரை எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது. 1934-இல் லைன்வீவர், பர்க் ஆகியோர் ஒரு தந்திரம் செய்தனர். இரு புறமும் தலைகீழியை எடுத்தால் வளைகோடு நேர்கோடாகிவிடும். அளவுகோல் ஒன்றே போதும். கோட்டை வரைந்து இரு எண்களையும் படித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. 90 என்ற வேகத்தைத் தவறாக 88 என்று அளந்தால், தலைகீழி 0.0111-இலிருந்து 0.0114 ஆகிறது, அசைவே தெரியாது. 10 என்ற வேகத்தை 8 என்று அளந்தால் 0.1 என்பது 0.125 ஆகிவிடும். மிகச் சிறிய, ஐயத்துக்குரிய அளவீடுகளே கோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. அதனால் இன்று கணிப்பொறியில் வளைகோட்டையே நேராகப் பொருத்துகிறார்கள். நேர்கோட்டு வரைபடம் தேர்வுத்தாளில் வாழ்கிறது.

ஒரே இலைக்கு இருவர்

ஒரு நொதியின் இடத்துக்கு இரண்டு பொருள்கள் போட்டியிடும்போது சமன்பாடு மருத்துவருக்கு உதவுகிறது. மெத்தனால் தானே பெரும் நஞ்சன்று. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை மாற்றத் தொடங்கிய பின் உருவாகும் ஃபார்மிக் அமிலமே கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது இத்தகைய நஞ்சினால்தான். அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலையோ, ஃபோமிபிசோல் என்னும் மருந்தையோ மிக எளிதில் பற்றிக்கொள்ளும். மருத்துவமனையில் இவற்றில் ஒன்றை அளவறிந்து செலுத்தினால் இலைகளெல்லாம் நிறைந்துவிடும். மெத்தனால் மாறாமல் சிறுநீர் வழியாகவும் டயாலிசிஸ் வழியாகவும் மெல்ல வெளியேறும். இரத்த அளவைக் கண்காணித்துச் செய்யவேண்டிய சிகிச்சை இது. வீட்டு வைத்தியம் அன்று.

வலிப்பு மருந்தின் கணக்கு

ஃபெனிட்டாயின் என்னும் மருந்து வலிப்பைத் தடுக்கிறது என்பதை 1938-இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் ஆகியோர் காட்டினர். இந்தியாவிலும் இதைப் பலர் உட்கொள்கிறார்கள். இரத்தத்தில் இது லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் வலிப்பு வரும்; மிகுந்தால் கண்மணிகள் தாமாக ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும்.

பெரும்பாலான மருந்துகளின் இரத்தச் செறிவு, அவற்றைச் சிதைக்கும் நொதியின் மைக்கேலிஸ் மாறிலிக்கு மிகவும் கீழே இருக்கும். அங்கே வளைகோடு ஏறக்குறைய நேர்கோடுதான். மருந்தை இரு மடங்காக்கினால் இரத்தத்திலும் இரு மடங்காகும். ஃபெனிட்டாயின் அப்படியன்று. அதன் மாறிலி ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், சராசரியாக லிட்டருக்கு 4 மில்லிகிராம் எனக் கொள்ளலாம். அதாவது, வேண்டிய செறிவை எட்டும்போதே நொதியின் இலைகள் பெரும்பாலும் நிறைந்துவிட்டன!

60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் ஒரு நாளில் சிதைக்கக்கூடிய உச்ச அளவு 420 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் உட்செல்லும் மருந்தும் சிதையும் மருந்தும் சமமாகும்போது இரத்தச் செறிவு ஒரு நிலையில் நிற்கும். தினசரி மருந்தை 'தி' என்று குறித்து நம் சமன்பாட்டைத் திருப்பி எழுதினால்,

செ = மா × தி ÷ (உ − தி)

நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தால்: 4 × 300 ÷ 120 = 10. சரியான அளவு. 350 கொடுத்தால்: 4 × 350 ÷ 70 = 20. மருந்து ஆறில் ஒரு பங்குதான் கூடியது. செறிவு இரு மடங்காகிவிட்டது. 400 கொடுத்தால்: 4 × 400 ÷ 20 = 80. இது கடும் நச்சு நிலை. 430 கொடுத்தால் சமன்பாடு எதிர்மறை எண்ணைத் தருகிறது. கணக்கு தவறிவிட்டதா? இல்லை. நிலைத்து நிற்கும் செறிவே கிடையாது, ஒவ்வொரு நாளும் அது ஏறிக்கொண்டே போகும் என்பதைத்தான் சமன்பாடு தன் மொழியில் சொல்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஆண்டுக்கணக்காக ஒரே அளவு ஃபெனிட்டாயின் உட்கொண்டுவந்த நோயாளிகள் பலர் திடீரெனத் தள்ளாடத் தொடங்கினர். மருந்தின் அளவை யாரும் மாற்றவில்லை. மாறியது, குளிகைக்குள் மருந்தோடு இட்டு நிரப்பும் தூள். கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது. பழைய தூள் மருந்தில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவந்தது. புதிய தூள் தடுக்கவில்லை. உறிஞ்சப்பட்ட அளவு கூடியது. வேறு மருந்தாக இருந்தால் அந்தக் கூடுதல் பெரிதாகத் தெரிந்திருக்காது. நிறைந்த பந்தியில் இடமின்றி நின்ற இந்த மருந்தோ இரத்தத்தில் தேங்கிவிட்டது.

இதனால்தான் இம்மருந்தை உட்கொள்வோர் ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாமாக மாறக்கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். 100 மில்லிகிராம் குளிகையோடு 30, 50 மில்லிகிராம் அளவுகளிலும் இது தயாரிக்கப்படுவதற்கும் இதுவே காரணம். நாம் எடுத்துக்கொண்ட நோயாளிக்கு 300-க்கு மேல் ஒரு 100 சேர்த்தால் செறிவு 80-க்குப் போகிறது. ஒரு 30 மட்டும் சேர்த்தால் 4 × 330 ÷ 90, அதாவது 14.7-இல் நிற்கிறது.